எனக்குப் பெயர் இல்லை

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பின் உடைமையாளருக்குப் பெயர் கிடையாது. எண் மட்டுமே உண்டு. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்றொரு சிறு பதிவேடு இருக்கிறது. கோப்பின் அளவு, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், உள்ளடக்கம் எங்கெங்கே கிடக்கிறது என்னும் விவரங்களோடு, உடைமையாளரின் எண்ணான யூஐடியும் அக்கோப்புக்குரிய குழுவின் எண்ணான ஜிஐடியும் அதில்தான் பொறிக்கப்படுகின்றன. கோப்புகளைப் பட்டியலிடும்போது திரையில் 'குமார்' என்றோ 'ரூட்' என்றோ தெரிகிறதென்றால், பட்டியலிடும் நிரல் எட்சி கோப்புறையில் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்து, இந்த எண்ணுக்கு நேரே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து வாசித்துக் காட்டுகிறது என்பதே அதன் பொருள். (கடவுச்சொற்கள் அந்தக் கோப்பிலிருந்து குடிபெயர்ந்து பல்லாண்டு ஆகிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.) இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் அந்தப் பெயர்ப் பதிவேட்டை ஒருபோதும் புரட்டுவதில்லை. படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அது எண்ணை எண்ணோடு ஒப்பிட்டே விடை சொல்கிறது.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறி, காரணம் என்று இரண்டாகப் பிரிக்கும். யூஐடிகளில் காரணப்பெயரைப் போல நிற்பது 0 ஒன்றுதான். அது ரூட் என்னும் தலைமைப் பயனர், அதன் பொருளைக் கர்னலே அறியும். 1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பு ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியே வழங்க வழிசெய்தது என்றாலும், வழக்கத்தில் அத்துண்டுகள் யாவும் 0க்கே போய்ச் சேர்கின்றன. மற்ற எண்கள் எல்லாம் இடுகுறி. டெபியனிலும் உபுண்டுவிலும் முதல் மனிதப் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும், ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பில் ஆறாம் பதிப்பு வரை அது 500, ஏழாம் பதிப்பிலிருந்து 1000, மேக்கில் 501. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அதிகாரபூர்வ கன்டெய்னர் இமேஜில், அதாவது நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒன்றாக அடைத்த பொதியில், டெபியன் அடிப்படையிலான வகையில் அப்பயனரின் எண் 999, ஆல்பைன் அடிப்படையிலான வகையில் 70. பெயர் ஒன்று, எண் வேறு. ஒரு வகையிலிருந்து மறுவகைக்கு மாறி, பழைய தரவுக் கோப்புறையை அப்படியே ஒப்படைத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் விலை தெரியும்.

எண்ணின் அகலம் காலப்போக்கில் பெருகியது. 16 பிட்டாக இருந்தபோது 65,536 பேருக்கே இடமிருந்தது; 2001இல் வந்த லினக்ஸ் 2.4 அதை 32 பிட்டாக்கி ஏறத்தாழ 429 கோடி எண்களுக்கு இடம்விட்டது. ஆனால் எந்தப் பதிவேட்டைக் கொண்டு இந்த எண்ணை வாசிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டும் அந்த அகலத்தில் எங்கும் சேர்க்கப்படவில்லை. யூனிக்ஸை வடிவமைத்தவர்களுக்கு அந்தத் தேவையும் எழவில்லை: இயந்திரம் ஒன்று, அதற்குப் பதிவேடும் ஒன்று. இரண்டு ஊர்களில் ஒரே கதவு எண் இருப்பதில் தவறில்லை, உறையின் மேல் ஊர்ப்பெயர் எழுதப்படும் வரையில். ஐநோட் என்பது ஊர்ப்பெயர் எழுதப்படாத உறை.

அந்த உறை முதன்முதலில் ஊர்மாறிப் போனது கன்டெய்னர்களின் காலத்தில் அல்ல. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ் என்னும் பிணையக் கோப்பு முறையைக் கொண்டுவந்தபோதே, ஒரு கணினியின் வட்டை இன்னொரு கணினி தன்னுடையதைப் போலத் திறக்க முடிந்தது. எண்களும் கம்பி வழியே பயணம் போயின. அங்கே 1004 ஒரு பேராசிரியர், இங்கே 1004 ஒரு மாணவர் என்றால் பேராசிரியரின் கோப்புகள் மாணவருக்குத் திறந்தன. அதைத் தவிர்க்க எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை அதே நிறுவனம் செய்தது. அதற்கு முதலில் இட்ட பெயர் எல்லோ பேஜஸ், அதாவது தொலைபேசி விவரத்திரட்டு. பிரிட்டனில் அது வேறொருவரின் வணிகக்குறியாக இருந்ததால் பின்னர் என்ஐஎஸ் என்று மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட அந்தப் பெயர்தான் பொருத்தமானது. செய்யப்பட்டது எண்ணை மாற்றும் வேலையல்ல, எண்ணுக்குப் பெயர் சொல்லும் புத்தகத்தை எல்லோருக்கும் ஒன்றாக்கும் வேலை. தொலைவிலிருந்து 0 என்று சொல்லிக்கொண்டு வருபவரை மட்டும் சர்வர் நம்பாமல், 'யாருமற்றவர்' என்ற பொருளுடைய நோபடி கணக்காகத் தாழ்த்திவிடும் வழக்கமும் அங்கே வேரூன்றியது.

கன்டெய்னர் இந்தப் பழைய சிக்கலை ஒரே கணினிக்குள் கொண்டுவந்தது. மெய்நிகர் கணினியைப் போலக் கன்டெய்னருக்கென்று தனிக் கர்னல் கிடையாது. கணினியில் ஓடும் அதே கர்னல்தான், ஒரு தொகுதி நிரல்களுக்கு மட்டும் வேறொரு கோப்பு மரத்தையும் வேறொரு பிணையத்தையும் வேறொரு செயல்முறைப் பட்டியலையும் காட்டுகிறது. இப்படிக் காட்சியைப் பிரித்துத் தரும் வசதிக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். உள்ளே ஒரு பாஸ்வேர்டு கோப்பு, வெளியே ஒன்று. பதிவேடுகள் இரண்டு, அவை இரண்டையுமே பாராத கர்னல் ஒன்று. பயனர் எண்களையே பிரித்துக் காட்டும் யூசர் நேம்ஸ்பேஸ் 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8இல் முழுமை பெற்றது. அதற்கு அடுத்த மாதம், கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் கருவியான டாக்கர் பொதுவெளிக்கு வந்தது. டாக்கர் அந்த வசதியை ஏற்றுக்கொண்டது 2016இல், 1.10 பதிப்பில்தான், அதுவும் வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளலாம் என்ற அளவில். ஆகவே வழக்கமான நிறுவலில் கன்டெய்னருக்குள் இருக்கும் 0, வெளியே இருக்கும் அதே 0. உள்ளே இருக்கும் 1000, வெளியே இருக்கும் அதே 1000.

கன்டெய்னர் தன் கோப்பு மரத்துக்குள் அடங்கிக் கிடக்கும்வரை இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் வேலைக்கு, அதாவது பில்டுக்கு, அதைப் பயன்படுத்தும்போதுதான் சுவரில் கதவு ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. மூலநிரல் வெளியே, நிரலாளரின் கோப்புறையில் இருக்கிறது. கம்பைலரும் நூலகங்களும் உள்ளே இருக்கின்றன. விளையும் பொருள் மீண்டும் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே வெளிக்கோப்புறை பைண்ட் மவுண்ட் என்ற முறையில் அப்படியே உள்ளே பொருத்தப்படுகிறது. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும், எழுதிய நிரலின் எண்ணைத் தாங்கி உண்மையான வட்டில் பதிகிறது.

நிரலாளர் 1000ஆக இருந்து கன்டெய்னரை ஓட்டுகிறார். இமேஜில் வேறு ஏற்பாடு இல்லாததால் உள்ளே பில்ட் 0ஆக ஓடுகிறது. முடிந்ததும் 'அவுட்' என்ற புதுக் கோப்புறை நிரலாளரின் வீட்டுக்குள் ரூட்டின் பெயரில் நிற்கிறது. அவர் அதை அழிக்க முயல்கிறார், அனுமதி மறுக்கப்படுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பைப் பொறுத்தது அல்ல, அதைத் தாங்கும் கோப்புறையைப் பொறுத்தது; அழித்தல் என்பது கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு வரியை அடிப்பதுதான். எனவே பில்ட் தன் விளைவை நிரலாளரின் கோப்புறையிலேயே ஒற்றைக் கோப்பாகப் போட்டிருந்தால், அது ரூட்டுக்கு உரியதானாலும் அவர் தாராளமாக அழித்திருக்கலாம். புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி அதற்குள் போட்டதால்தான், உள்ளே இருக்கும் வரிகளை அடிக்க அவருக்கு உரிமை இல்லாமல் போகிறது. தம் மேசையின் மேல் இன்னொருவர் வைத்த காகிதத்தைக் கிழித்தெறியலாம், அதே மேசையின் மேல் அவர் வைத்துப் பூட்டிய பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது என்பது போன்ற நிலை அது. ஒரு பில்ட் சில சமயம் தொல்லையின்றி முடிந்து, சில சமயம் இடறுவது ஏன் என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இடறியிருப்பார்கள்.

மனிதர் அருகில் இருந்தால் ரூட் அதிகாரத்தைக் கேட்டுப் பெற்று அழித்துவிடுவார். தானாக இயங்கும் பில்ட் சர்வரில் யாரும் அருகில் இருப்பதில்லை; முதல் ஓட்டம் வெற்றி பெறுகிறது, அடுத்த ஓட்டம் பழைய கோப்புகளைத் துடைக்க முயன்று முதல் அடியிலேயே விழுகிறது. குற்றம் செய்தது முந்தைய ஓட்டம், தண்டனை பெறுவது பிந்தையது. அதனால் பிழைச்செய்தியைப் படிப்பவர் தவறான இடத்தில் தேடத் தொடங்குகிறார். மேக்கில் வேலை செய்பவருக்கோ இதில் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். அங்கே டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. இடையில் நிற்கும் கோப்புப் பகிர்வு அடுக்கு உடைமைக் கேள்வியை மழுப்பிவிடுகிறது. 'என் கணினியில் ஓடுகிறதே' என்று அவர் சொல்வது பொய்யல்ல.

இதற்குக் கைக்கு எட்டும் முதல் மருந்து 777. உடைமையாளர், குழு, மற்றோர் ஆகிய மூவருக்கும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் இசைவு தரும் எண்குறி அது. அதனால் உடைமைக் கேள்வி தீர்வதில்லை, கேட்கப்படாமல் விடப்படுகிறது. இரண்டாவது மருந்து, எல்லாக் கோப்புகளின் உடைமையாளரையும் ஒரே வீச்சில் மாற்றும் கட்டளை. பில்டின் இறுதியில் அதை ஓட்டினால் ஒருவாறு வேலை நடக்கும்; ஆனால் பில்ட் பாதியில் முறிந்தால் அந்த இறுதி வரி ஓடுவதே இல்லை. இமேஜைச் செய்யும்போது ஓட்டினால் வேறொரு கேடு. இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அடுக்குகளின் தொகுப்பு. கீழ் அடுக்கில் உள்ள கோப்பின் உடைமையாளரை மாற்றினால், ஒரு எழுத்துகூட மாறாத அந்தக் கோப்பு முழுவதும் மேல் அடுக்கில் மறுபடி படியெடுக்கப்படுகிறது. எண் ஒன்றை மாற்றப் போய் இமேஜின் பருமன் இரட்டிக்கிறது. கோப்பை உள்ளே எடுக்கும்போதே உடைமையாளரைக் குறிப்பிடும் வசதி 2017இல் டாக்கருக்குச் சேர்ந்தது இந்த வீண்செலவைத் தவிர்க்கத்தான்.

இவற்றைவிட நேர்மையான வழி, கன்டெய்னரைத் தொடங்கும்போதே 'உள்ளே 1000ஆக ஓடு' என்று சொல்லிவிடுவது. விளையும் கோப்புகள் எல்லாம் நிரலாளருக்கே உரியனவாக வெளிவரும். ஆனால் உள்ளே இருக்கும் பதிவேட்டில் 1000 என்ற வரி இல்லையென்றால் நடப்பது விந்தையானது. பாஷ் என்னும் கட்டளை ஓடு, பயனரின் பெயரைத் தன் முகப்பு வரியில் எழுதும் வழக்கமுடையது. பெயர் கிடைக்காதபோது அந்த இடத்தில் 'ஐ ஹேவ் நோ நேம்!' என்று எழுதிக்கொள்கிறது. 'எனக்குப் பெயர் இல்லை' என்று, வியப்புக்குறியோடு. பிழை எண்ணையோ வெற்றிடத்தையோ அச்சிட்டிருக்கக்கூடிய இடத்தில் தன்மை ஒருமையில் இப்படி ஒரு வாக்கியத்தை வைத்தவர் விளையாட்டாகத்தான் வைத்திருப்பார். ஆயினும் இந்தச் சிக்கலின் இயல்பை விளக்க அதைவிடக் கூரிய சொற்றொடர் கையேடுகளில் கிடைக்காது. பெயரற்ற அந்தப் பயனர் கோப்புகளை உருவாக்குகிறார், கம்பைலரை ஓட்டுகிறார். கர்னலுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரிவதில்லை.

குறை தெரிவது, பெயரையும் இருப்பிடத்தையும் எதிர்பார்க்கும் நிரல்களுக்கு. வீட்டுக் கோப்புறை எது என்று பதிவேடு சொல்லாததால் 'ஹோம்' என்ற மாறி வெறும் வேர்க்கோப்புறையாகிவிடுகிறது. என்பிஎம் போன்ற தொகுப்பு நிர்வாகிகள் தங்கள் தற்காலிகச் சேமிப்பை அங்கே எழுதப் பார்த்து மறுக்கப்படுகின்றன. எஸ்எஸ்எச் நிரல், இந்த யூஐடிக்குப் பயனர் எவரும் இல்லை என்று சொல்லி விலகிக்கொள்கிறது. மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் நிரலான கிட், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, தன்னை ஓட்டுபவரும் களஞ்சியத்தின் உடைமையாளரும் வேறு வேறாக இருந்தால் 'உடைமை ஐயத்துக்குரியது' என்று வேலைசெய்ய மறுக்கிறது. பகிர்ந்த கணினியில் ஒருவர் விரித்த வலையில் இன்னொருவர் விழாதிருக்கச் செய்யப்பட்ட நல்ல காப்பு அது. கதவின் இருபுறமும் எண்கள் பொருந்தாத பில்டுகளை எல்லாம் அது ஒரே நாளில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஆகவே பதிவேட்டில் வரி எழுத வேண்டும். இமேஜைச் செய்யும்போதே நிரலாளரின் எண்ணை வாங்கி, அந்த எண்ணில் ஒரு கணக்கை உள்ளே உருவாக்குவது பரவலான வழக்கம். அப்படிச் செய்த இமேஜ் ஒருவருடைய எண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. எண் ஏற்கெனவே குடிபுகுந்ததாகவும் இருக்கலாம். நோட்.ஜேஎஸ் இமேஜில் 1000 'நோட்' என்ற பயனருக்கு உரியது. உபுண்டு 24.04 இமேஜில் 'உபுண்டு' என்ற பயனர் முன்னதாகவே 1000இல் அமர்ந்திருக்கிறார், 22.04இல் பழுதின்றி ஓடிய வரி, அடிப்படை இமேஜை மாற்றியதும் 'அந்த எண் எடுக்கப்பட்டுவிட்டது' என்று நிற்கிறது. இன்னும் வேடிக்கை, பெரிய நிறுவனங்களின் மையப் பதிவேடுகள் வழங்கும் கோடிக்கணக்கான மதிப்புள்ள யூஐடிகளில் நேர்கிறது. கணக்கை உருவாக்கும் நிரல், உள்நுழைவுப் பதிவுக் கோப்பில் அந்த எண்ணுக்குரிய இடத்துக்கு நேரே தாவி எழுதுகிறது; இடைப்பட்ட வெற்றிடம் சாதாரண வட்டில் இடம் பிடிப்பதில்லை. டாக்கரின் அடுக்குகளைக் கட்டும் நிரலோ அந்த வெற்றிடத்தை உணராமல் சுழியங்களால் நிரப்பி எழுதுவதால், ஒரு பயனரைச் சேர்த்த வரி வட்டையே நிறைத்துவிடக்கூடும். பதிவுக் கோப்பைத் தொடாதே என்ற குறிப்போடு அக்கட்டளையை எழுதுமாறு டாக்கரின் ஆவணமே அறிவுறுத்துகிறது.

கணக்கை முன்கூட்டியே எழுதாமல், கன்டெய்னர் விழித்தெழும் கணத்தில் எழுதுவது இன்னொரு முறை. தொடக்கத்தில் ரூட்டாக எழுந்து, உள்ளே பொருத்தப்பட்ட கோப்புறையின் உடைமையாளர் எண் என்ன என்று பார்த்து, அதே எண்ணில் ஒரு பயனரை உருவாக்கி, வீட்டுக் கோப்புறை ஒன்றையும் கொடுத்து, பிறகு கோசு போன்ற சிறு கருவியால் ரூட்டை உதறிவிட்டு அந்தப் பயனராக வேலையைத் தொடங்குகிறது. இந்த முறையின் அழகு, அடையாளத்தை யாரிடமும் கேட்காமல் கதவருகே கிடக்கும் கோப்புறையிடமிருந்தே கற்றுக்கொள்வதில் இருக்கிறது. அதன் குறை, சில நொடிகளாவது ரூட்டாக இருந்தாக வேண்டும் என்பது. ஓபன்ஷிஃப்ட் போன்ற தளங்கள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. அவை கன்டெய்னருக்கு முன்பின் தெரியாத பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, குழு எண்ணாக மட்டும் 0ஐ வழங்குகின்றன. எழுத வேண்டிய கோப்புறைகளை அந்தக் குழுவுக்குத் திறந்துவைப்பது இமேஜ் செய்பவரின் கடமையாகிறது. யூஐடி எதுவாயினும் குழு மாறாது என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது.

எண்களை இருபுறமும் ஒன்றாக்குவதை விட்டு, கதவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவது கடைசி வழி; சரியான வழியும் அதுவே என்று சொல்லத் தோன்றும். யூசர் நேம்ஸ்பேஸ் செய்வது அதைத்தான். எட்சி கோப்புறையில் உள்ள சப்யூஐடி என்ற கோப்பு ஒவ்வொரு பயனருக்கும் துணை எண்களின் தொகுதி ஒன்றைப் பட்டா போட்டுக் கொடுக்கிறது. பொதுவாக 100000இலிருந்து 65,536 எண்கள். டாக்கரைப் போன்ற இன்னொரு கன்டெய்னர் கருவியான பாட்மேனை ரூட் அதிகாரமின்றி ஓட்டும்போது, உள்ளே இருக்கும் 0 வெளியே நிரலாளரின் 1000 ஆகிறது. உள்ளே 1 என்பது வெளியே 100000, 2 என்பது 100001, இப்படியே போகிறது. உள்ளே ரூட்டாக நின்று பில்ட் எழுதும் கோப்புகள் வெளியே நிரலாளருக்கே சொந்தமாகின்றன. ஆனால் யாரோ நல்லெண்ணத்தோடு, ரூட்டாக ஓடக்கூடாது என்று இமேஜுக்குள் 1000ஐ நியமித்திருந்தால், அவர் எழுதியது வெளியே 100999 என்ற எண்ணில் வந்து விழுகிறது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத அந்த எண்ணுக்குரிய கோப்புறையை நிரலாளரால் தொட முடியாது. ஒரு காலத்தின் நல்லொழுக்கம் மறு ஏற்பாட்டில் பிழையாகிறது. என் எண்ணை உள்ளேயும் அப்படியே வைத்துக்கொள் என்னும் தனிவிருப்பம் பாட்மேனில் சேர்க்கப்பட்டது அதற்காகவே. 2021இல் வந்த லினக்ஸ் 5.12, ஒரு மவுண்டுக்கு மட்டும் தனியே எண் பெயர்ப்பைப் பொருத்தும் வசதியைக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பாளர் அப்போதுதான் உண்மையில் கதவு நிலைக்கு வந்து நின்றார். பெயர்ப்பு வரையறுக்கப்படாத எண்கள் 65534ஆக, பழைய நோபடியாகவே தெரிகின்றன.

பில்டின் விளைபொருள் வெளியுலகுக்குப் புறப்படும்போது கேள்வி தலைகீழாகிறது. ஒரு மென்பொருள் பொதிக்குள் இருக்கும் கோப்புகள், நிறுவப்படும் கணினியில் ரூட்டுக்கு உரியனவாக இருக்க வேண்டும்; அவற்றைச் செய்பவரோ ரூட்டாக இருக்கக்கூடாது. பொதிந்த கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டும் யோக்டோவின் பிட்பேக் நிரல், ரூட்டாக ஓட்டினால் வேலையைத் தொடங்கவே மறுக்கும். அதனால் டெபியனில் ஃபேக்ரூட்டும் யோக்டோவில் சூடோ என்ற பெயருடைய கருவியும் பில்டுக்குள் அமர்ந்து, 'இந்தக் கோப்பு ரூட்டுடையது' என்று தம் தனிக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கேட்கும் நிரல்களுக்கு எல்லாம் அப்படியே சொல்லிவருகின்றன. வட்டில் 1000, குறிப்பேட்டில் 0. இறுதியில் டார் கோப்பு கட்டப்படுகிறது. டார் அமைப்பு ஒவ்வொரு கோப்புக்கும் எண், பெயர் இரண்டையும் எழுத இடம் வைத்திருக்கிறது; எங்கே, யார் கட்டினாலும் ஒரே பைட்டுகள் கிடைக்க வேண்டும் என்று கருதுபவர்கள், உடைமையாளர் 0, குழு 0, பெயர் வேண்டாம் என்று அதற்குக் கட்டளையிடுகிறார்கள். பொதி அப்படியே கட்டப்பட்டுச் சர்வருக்கு ஏறுகிறது. பில்ட் கோப்புறையில் இடைநிலைக் கோப்புகள் மட்டும் 1000இன் பெயரில் மிஞ்சிக் கிடக்கின்றன, அடுத்த ஓட்டம் வந்து துடைக்கும்வரை.